ஏழாவது பொருள்: எட்டா, ஒன்பதா

ஏழாவது பொருளைப் படித்ததும் லோவல் பிரெக்கிக்கு வாயிலிருந்த காப்பி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடவிருந்த 'பிரெய்ரி எட்டு' விளையாட்டுக் கூட்டமைப்பின் நிகழ்ச்சி நிரல் அது. முதல் ஆறு பொருள்களில் வம்பு ஒன்றும் இல்லை. மல்யுத்த மெத்தையை எந்த மருந்து போட்டுத் துடைப்பது, ஆட்டத்தின் நடுவே கல்லூரிச் சின்னமாக மிருக வேஷம் கட்டி ஆடும் பொம்மை வேடக்காரர்கள் ஒருவரையொருவர் தொடலாமா கூடாதா, இந்த மாதிரி. ஏழாவதில் மட்டும் முன்னும் பின்னும் விளக்கமில்லாமல் ஒரே ஒரு வரி. 'எட்டா, ஒன்பதா: முடிவு செய்தல்.'

லோவல் விரல் விட்டு எண்ணினார். கூட்டமைப்பின் பெயரில் எட்டு. கல்லூரிகள் ஒன்பது. எட்டாக இருந்தவர்களோடு ஆறு வருடத்துக்கு முன்னால் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது அவருடைய பிளெவின்ஸ் கல்லூரி. அதன் அமெரிக்க ஃபுட்பால் அணி வரிசையாக முப்பத்தொரு ஆட்டங்கள் தோற்றிருந்தது. முப்பத்திரண்டாவது வருகிற சனிக்கிழமை. ஒருவரை வெளியே தள்ளித்தான் எட்டாக்க வேண்டுமென்றால் யாரைத் தள்ளுவார்கள் என்று சொல்லக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

பிளெவின்ஸில் லோவல் விளையாட்டுத் துறை இயக்குநர். இயக்குநர் என்றதும் பெரிய நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மைதானத்தில் கோடு போடுவதும் அவர்தான், அணிகளின் பஸ்ஸை ஓட்டுவதும் அவர்தான், துவைக்கும் இயந்திரத்தில் சாக்ஸ் சிக்கிக்கொண்டால் தோள் வரைக்கும் கையை விட்டு எடுப்பதும் அவர்தான். அவருடைய அலுவலகமே துவைக்கும் அறையின் ஒரு மூலையில்தான் இருந்தது.

நிகழ்ச்சி நிரலைக் கையில் பிடித்தபடியே கல்லூரித் தலைவர் டாக்டர் விலேயின் அறைக்கு ஓடினார்.

அந்த அம்மாள் ஒரு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"லோவல், நம்மகிட்ட அறுநூறு பேர் படிக்கறாங்க. அதுல நானூறு பேர் ஏதாவது ஒரு பந்தைத் துரத்தறதுக்காகவே இங்க வந்தவங்க. கூட்டமைப்பு இல்லைன்னா ஆட்டம் இல்ல. ஆட்டம் இல்லைன்னா அந்த நானூறு பேர் இல்ல. மீதி இருநூறு பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? முள்கம்பியா முறுக்கறது?"

கல்லூரியை நிறுவிய பிளெவின்ஸ், முள்கம்பி விற்றுப் பணக்காரரானவர்.

"நான் பார்த்துக்கறேன், டாக்டர் விலே."

"பார்த்துக்கிட்டே நிக்காதீங்க. காப்பாத்துங்க."

லோவல் மூலைக்குத் திரும்பி வந்து, கூட்டமைப்பின் ஆணையர் ராய்ஸ் பெட்டிங்கிலுக்குப் போன் போட்டார். ராய்ஸ் ரொம்ப நல்ல மனிதர். பதினைந்து வருடமாக ஆணையராக இருக்கிறார். அதில் ஒரு நாளாவது ஒரு முடிவை எடுத்தார் என்று யாரும் அவர் மேல் பழி சொல்ல முடியாது.

"ராய்ஸ், அந்த ஏழாவது பொருள்..."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏழாவதா? ஆமா... ஏழாவது." இன்னொரு காகிதம் புரண்டது. "லோவல், அதைப் பத்தி இப்ப நான் வாயைத் திறக்கறது முறையா இருக்காது."

"அவ்வளவு பெரிய விஷயமா?"

"அது கொஞ்சம்... வித்தியாசமான விஷயம்."

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் கிழக்குப் பக்கத்து ஜனங்கள் எதையும் கடுமையாகச் சொல்கிறவர்கள் இல்லை. மாமியாருக்கு மூச்சு நின்றுபோனால்கூட 'இன்னைக்கு அவங்களுக்கு அவ்வளவா முடியல' என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு விஷயத்தை 'வித்தியாசம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வசவு அவர்கள் அகராதியில் கிடையாது.

பிரெய்ரி எட்டில் அரசாங்கக் கல்லூரிகள் நான்கு, தேவாலயக் கல்லூரிகள் நான்கு. அரசாங்கக் கட்சிக்குத் தலைவர் பஃபலோ ஃபோர்க் ஸ்டேட்டின் டுவெய்ன் ஹூப்னர். தேவாலயக் கட்சிக்குத் தலைவி செயின்ட் கனூட் கல்லூரியின் மார்லிஸ் தோர்சன். இருவருக்கும் எட்டு வருடமாக ஆகாது. ஆகாது என்று இருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்வார்கள், அதில் மற்றவர் பெயரில் ஓர் எழுத்தை மறக்காமல் தப்பாக எழுதுவார்கள். முள்கம்பிக்காரரின் பிளெவின்ஸ் இரண்டு பக்கத்திலும் சேராமல் நடுவில் நின்றது. ஒருவரை வெளியேற்ற ஆறு வாக்கு வேண்டும். நான்கு பேரைக் கையில் போட்டுக்கொண்டால் பிழைத்தோம் என்று லோவல் கணக்குப் போட்டார். அதுவரைக்கும் கணக்கு சரி.

புதன்கிழமை சாயங்காலம் செயின்ட் கனூட் தேவாலயத்தின் அடித்தளத்தில் சமபந்தி விருந்து. மார்லிஸ் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் பரிமாறிக்கொண்டிருந்தார். லோவல் தட்டைக் காலி செய்துவிட்டு, ரூபார்ப் தண்டு போட்ட இனிப்புத் துண்டுகள் அடுக்கிய பலகாரத் தட்டுப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றார்.

"லோவல், ஒரு ரூபார்ப் பார் எடுத்துக்குங்க."

"வேண்டாம் மார்லிஸ், வயிறு ரொம்பிடுச்சு."

"சின்னதா ஒண்ணு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"யாரும் எடுக்கலைன்னா வீணாத்தான் போகும்."

"அப்படின்னா சரி." லோவல் இரண்டாக எடுத்துக்கொண்டார்.

அங்கே எல்லாவற்றுக்கும் மூன்று சுற்றுதான். முதல் சுற்றிலேயே கை நீட்டினால் பறக்காவெட்டி. மூன்றாம் சுற்றிலும் மறுத்தால் திமிர் பிடித்தவன். பெண் கேட்பதிலிருந்து, பனியில் சிக்கிய காரைத் தள்ளிவிடுவது வரைக்கும் இதே சட்டம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறினதும் இல்லை.

பாரைக் கையில் வைத்துக்கொண்டு லோவல் மெதுவாக ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஏழாவது பொருள் பார்த்தீங்களா?"

மார்லிஸ் பார்க்கவில்லை. பொம்மை வேடக்காரர்கள் விஷயத்தோடு அவருக்குத் தூக்கம் வந்துவிட்டதாம். லோவல் சட்டைப் பையிலிருந்த தாளை நீட்டினார். மார்லிஸின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"எட்டா, ஒன்பதாவா? இது டுவெய்ன் வேலை."

"டுவெய்னா?"

"போன வருஷம் வாலிபால்ல எங்க பொண்ணுங்ககிட்ட தோத்தாரு இல்ல? கை குடுக்கறப்ப என்னைப் பார்த்து 'நல்லா ஆடினாங்க'ன்னாரு. அப்பவே நினைச்சேன், இந்த மனுஷன் எங்களை விடமாட்டாருன்னு."

'உங்களை இல்லை மார்லிஸ், தள்ளப்போவது எங்களை' என்று சொல்ல லோவல் வாயைத் திறந்தார். பிறகு யோசித்து அந்த வாயில் ரூபார்ப் பாரைப் போட்டு அடைத்துக்கொண்டார். பயந்துபோன நான்கு கல்லூரிகள் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே என்று தோன்றியது.

"நாம சேர்ந்து நிக்கலாம் மார்லிஸ்," என்றார் மென்று விழுங்கிவிட்டு. "எங்களை நீங்க காப்பாத்துங்க, உங்களை நாங்க காப்பாத்தறோம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

வான்கோழிப் படம் போட்ட காகிதக் கைக்குட்டை ஒன்றில், 'பிளெவின்ஸ் எப்போதும் தேவாலயக் கல்லூரிகளின் பக்கமே வாக்களிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் லோவல். வீட்டுக்குப் போகும்போது விசில் வந்தது.

மார்லிஸ் இதை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரார்த்தனைச் சங்கிலியில் மட்டும் சொன்னார்.

பிரார்த்தனைச் சங்கிலி என்பது, ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்து, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடு. முதல் போனில் 'செயின்ட் கனூட்டுக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது' என்று புறப்பட்ட சேதி, நாலாவது போனில் 'தேவாலயக் கல்லூரிகள் எல்லாம் ஒன்றுகூடிவிட்டன' என்று ஆயிற்று. பதினோராவது போனில், 'தேவாலயக்காரர்களும் பிளெவின்ஸும் சேர்ந்து டுவெய்ன் ஹூப்னரை வெளியே தள்ளப் போகிறார்கள், பாவம், அவருக்காக ஜெபியுங்கள்' என்று வந்து நின்றது. அந்தப் பதினோராவது போனை எடுத்தவர் டுவெய்னின் மாமியார்.

மறுநாள் காலையில் லோவல் மைதானத்தில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய பிக்கப் வண்டி வந்து நின்றது. டுவெய்ன் இறங்கினார். இறங்க இறங்க இறங்கிக்கொண்டே இருந்தார், அவ்வளவு பெரிய ஆள்.

"ஏம்பா லோவல், எனக்காக ஊரே ஜெபம் பண்ணுதாமே. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

லோவலின் கோடு அந்த இடத்தில் கோணிக்கொண்டு போனது. சனிக்கிழமை ஆட்டத்தில் அந்தக் கோணலைப் பற்றி நடுவர்கள் கேட்டார்கள்.

"அஞ்சு பேர் சேர்ந்துட்டீங்களாமே," என்றார் டுவெய்ன்.

"அஞ்சு பேர் சேர்ந்து என்ன பண்ண முடியும் டுவெய்ன்? வெளியேத்த ஆறு வாக்கு வேணுமே."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டுவெய்னின் முகம் வெளுத்தது.

"அப்ப ஆறாவது ஆளு யாரு? என் பக்கத்துலயே ஒருத்தன் இருக்கானா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"சொல்ல வேண்டாம். உன் மூஞ்சியிலயே தெரியுது." டுவெய்ன் மைதானத்தின் ஓரத்தில் இருந்த ஸ்கோர் பலகையைப் பார்த்தார். அதில் பிளெவின்ஸ் பக்கத்து விளக்குகள் கெட்டுப்போய் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். கெட்டுப்போனது ஆறு ஆட்டம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. "எங்ககிட்ட பழைய பலகை ஒண்ணு சும்மாக் கெடக்குது. முப்பது அடி. எடுத்துக்கறியா?"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் டுவெய்ன்."

"எடமில்லாம அடைச்சுக்கிட்டு நிக்குது."

"உங்களுக்குத் தேவைப்படுமே."

"நீ எடுக்கலைன்னா ஒடைச்சுத்தான் போடணும்."

"அப்படின்னா சரி."

பலகையை ஒப்படைப்பதற்கான ரசீதின் பின்பக்கத்தில், 'பிளெவின்ஸ் எப்போதும் அரசாங்கக் கல்லூரிகளின் பக்கமே வாக்களிக்கும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டுவெய்ன் வண்டி ஏறினார். இப்போது நான்கும் நான்கும் எட்டுப் பேர் தன் பக்கம் என்று லோவல் நினைத்துக்கொண்டார். சுண்ணாம்புத் தூசியில் நின்றுகொண்டு நினைத்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை ஆட்டம் பஃபலோ ஃபோர்க்கோடு. லோவல் எழுதிக் கொடுத்த வாக்குக்கு மரியாதையாக டுவெய்ன் மூன்றாம் தர ஆட்டக்காரர்களை இறக்கினார். பிளெவின்ஸ் முப்பத்தெட்டுக்கு ஆறு என்று தோற்றது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஆறு புள்ளி! பிளெவின்ஸின் கெட்டுப்போன பலகை அதையும் பூஜ்யம் என்றே காட்டியது. பார்க்க வந்தவர்கள் "ஒண்ணும் மோசமில்ல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். லோவலுக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முப்பது அடிப் பலகை வந்து ஏறியது. உச்சியில், ஓர் ஆள் உயர எழுத்தில், 'இது பஃபலோ ஃபோர்க்கின் கோட்டை' என்று இருந்தது. புதன்கிழமை உள்ளூர் வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் அதைப் படம் போட்டது. படத்தின் அடியில் லோவல் சிரித்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிடத்தில் மார்லிஸின் போன் வந்தது.

"பேப்பர் பார்த்தேன் லோவல். பலகை வித்தியாசமா இருக்கு."

"மார்லிஸ், நான் விளக்கமாச் சொல்றேன். அது ஒரு தந்திரம்." வாயில் வந்ததைச் சொன்னார். "டுவெய்ன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு என்ன நடக்குதுன்னு பார்க்கறேன். உங்களுக்காகத்தான்."

"ஓ. அப்ப அவங்க பக்கத்துல யாரை இழுக்கலாம்?"

லோவல் இதை எதிர்பார்க்கவில்லை. "வில்லோ க்ரீக் ஸ்டேட் கொஞ்சம் ஆட்டம் காணற மாதிரி தெரியுது," என்று குருட்டாம்போக்கில் ஒரு பெயரைச் சொல்லி வைத்தார்.

அன்று மத்தியானமே வில்லோ க்ரீக் இயக்குநரின் வீட்டு வாசலில் சுடச்சுட ஒரு ஹாட்டிஷ் வந்து இறங்கியது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 'மார்லிஸ் தோர்சன்' என்று பெயர் இருந்தது. தேவாலயத்தில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க எல்லாரும் அப்படி ஒட்டுவது வழக்கம். காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக் காரின் பின்சீட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வழியில் அந்த மனிதர் பெட்ரோல் போடப் போனார். பக்கத்துக் குழாயில் டுவெய்ன் நின்றுகொண்டிருந்தார்.

"யாரோட பாத்திரம் அது?" என்றார் டுவெய்ன்.

"எது?"

"உன் பின்சீட்டுல இருக்கறது."

"அதுவா... பாத்திரம்தான்," என்றார் அவர்.

ஆறாவது ஆள் யாரென்று டுவெய்னுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பதிலுக்குத் தேவாலயக் கட்சியில் ஒருவருக்குப் பழைய கோல் கம்பம் இரண்டு அனுப்பினார். அந்த ஒருவர் வில்லோ க்ரீக்கோடு தனியாகப் பேசி மூன்றாவது அணி தொடங்கினார். மூன்றாவது அணியில் தங்களைச் சேர்க்கவில்லை என்று இன்னும் இருவர் நாலாவது அணி தொடங்கினார்கள். வியாழக்கிழமை சாயங்காலக் கணக்குப்படி ஒன்பது கல்லூரிகளுக்குள் பதினொரு கூட்டணிகள் இருந்தன. அதில் எட்டில் பிளெவின்ஸ் இருந்தது.

"எப்படிப் போகுது?" என்று கேட்டார் டாக்டர் விலே.

"எல்லாரும் நம்ம பக்கம்தான்," என்றார் லோவல். அவர் சட்டை நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கூட்டமைப்பின் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனையை ஒட்டி இருந்தது. முக்கியமான பேச்செல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்துத் துளைக்கருவியின் சத்தத்தோடுதான் நடக்கும். நீள மேசையின் ஒரு பக்கம் அரசாங்கம், எதிர்ப்பக்கம் தேவாலயம், கடைசியில் லோவல். தலைமாட்டில் ராய்ஸ். அவர் பக்கத்தில் குறிப்பெடுக்க, அலுவலகத்தை இருபத்தாறு வருடமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் வெர்னா என்ற எழுபது வயது அம்மாள். காப்பி ஊற்றுவதும் வெர்னாதான் என்பதால் யாரும் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை, கோப்பையை மட்டும் நீட்டுவார்கள்.

மெத்தை மருந்து முடிந்தது. பொம்மை வேடக்காரர்கள் தோளைத் தொடலாம், தலையைத் தொடக்கூடாது என்று நாற்பது நிமிடத்தில் தீர்மானம் ஆயிற்று. ஆறாவது பொருள் முடிந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏழாவதுக்கு முன்னால ஒரு காப்பி குடிச்சுடலாமே," என்றார் ராய்ஸ். அவருக்கு ஏழாவதின் பக்கம் போவதற்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

காப்பி வந்தது. மார்லிஸ் கைப்பையைத் திறந்து வான்கோழிக் கைக்குட்டையை எடுத்து மேசை மேல் விரித்தார். எதிரே டுவெய்ன் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பிளெவின்ஸ் தன் பக்கம் என்று மற்றவருக்குக் காட்டத்தான் இருவரும் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே லோவல்?" என்றார் மார்லிஸ்.

"ஆமா..."

"ரெண்டுலயும் நல்லா வந்திருக்கு."

துளைக்கருவி நின்றது. லோவலுக்குக் காது இரண்டும் எரிந்தது. எட்டு முகங்களும் சிரித்த முகமாகவே அவரைப் பார்த்தன. அந்த ஊரில் கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். நானூறு பிள்ளைகள், அவர்களுடைய நானூறு ஜோடி சாக்ஸ், செவ்வாய்க்கிழமை துவைப்பு, எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஆறு வாக்கு என்ன, எட்டு வாக்கு விழும். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அழுகை வந்த இடத்தில் மூளையும் வந்தது. இந்த நாட்டில் எவனாவது எவன் முகத்துக்கு நேராகவாவது 'போ' என்று சொல்லியிருக்கிறானா? கிடையாது. நாமே போகிறோம் என்று சொன்னால் 'சேச்சே' என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்தச் 'சேச்சே' குறிப்பில் ஏறிவிட்டால் ஏழாவது பொருளை யார் எடுக்க முடியும்?

லோவல் எழுந்து நின்றார்.

"எல்லாரும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். என்னால உங்களுக்கு எவ்வளவோ சங்கடம். எதுக்கு வளர்த்துவானேன், பிளெவின்ஸ் தானாவே கூட்டமைப்பை விட்டுப் போயிடுது."

"சேச்சே, என்ன பேச்சு இது லோவல்," என்றார் ராய்ஸ் உடனே. "உக்காருங்க."

லோவல் ஓரக்கண்ணால் பார்த்தார். வெர்னாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒரே தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மனசாரச் சொல்லவில்லை என்று ஆகிவிடுமே.

"இல்ல ராய்ஸ், நிஜமாவே சொல்றேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நாங்க போயிடறோம்."

"அதெல்லாம் வேண்டாம் லோவல்," என்றார் மார்லிஸ். டுவெய்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விட்டுக்கொடுத்தால் டுவெய்ன் முந்திக்கொள்வாரே.

"ஆமாம்பா, நீ இல்லாம எப்படி?" என்றார் டுவெய்னும் விடாமல்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றைச் சேர்ந்து சொன்னார்கள், அதுவும் லோவலுக்காக! இரண்டு தரப்பும் தன்னைப் போக வேண்டாம் என்கிறது. லோவலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இப்போது உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வருடமாகப் பழகின நாக்குக்குத் தெரியவில்லை.

"நீங்க எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்கறப்ப, நான் சுமையா இருக்கறது நல்லா இல்ல," என்றது நாக்கு. "நாங்க போயிடறோம்."

மூன்றாவது சுற்று.

சொன்ன கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வார்த்தையைப் பிடித்து உள்ளே இழுக்க முடிந்தால் இழுத்திருப்பார். மேசையைச் சுற்றி எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவையும் மறுப்பதற்கு அங்கே யாரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை.

"லோவல் இவ்வளவு தூரம் சொல்றப்ப," என்றார் ராய்ஸ் தயங்கி, "இன்னும் வேண்டாம்னா அவருக்கு மரியாதையா இருக்காது."

"அப்படின்னா சரி," என்றார் மார்லிஸ். "நான் முன்மொழியறேன்."

"நான் வழிமொழியறேன்," என்றார் டுவெய்ன்.

ஒருமனதாக நிறைவேறியது. ஒன்பதாவது கையும் மேலே இருந்தது. எட்டுப் பேர் கை தூக்கும்போது தான் ஒருவன் மட்டும் தூக்காமல் இருந்தால் மனத்தாங்கல் என்று நினைப்பார்களே என்று லோவலும் தூக்கியிருந்தார்.

அப்புறம் ஒரே பாசம். டுவெய்ன் கட்டிக்கொண்டார். ஸ்கோர் பலகையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். மார்லிஸ், கொண்டுவந்திருந்த பலகாரத்தில் மிச்சமிருந்ததை மெழுகுத் தாளில் சுற்றி, வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் திணித்தார். பதினொரு கூட்டணிகளும் காப்பி ஆறுவதற்குள் கலைந்துபோய்விட்டன. டுவெய்ன், மார்லிஸின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். லோவலின் போன் சட்டைப் பையில் துடித்தது. டாக்டர் விலே. 'காப்பாத்தியாச்சா?'

லோவல் போனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, ஏழாவது பொருள்," என்றார் ராய்ஸ் நிகழ்ச்சி நிரலைப் புரட்டியபடி. "அதை... யாரு எடுத்துப் பேசறீங்க? மார்லிஸ்?"

"நான் போடலையே. டுவெய்ன்தானே?"

"நானா? நான் ராய்ஸ்னு இல்ல நினைச்சேன்!"

"எனக்கு என்னன்னே தெரியாது," என்றார் ராய்ஸ். பதினைந்து வருடத்தில் அவர் சொன்ன முதல் தெளிவான வாக்கியம் அதுதான்.

வெர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுவா? அது நான் போட்டது. லோவல் வந்து ஆறு வருஷமாச்சு, வாசல் பலகையில இன்னும் 'எட்டு'ன்னே இருக்கேன்னு எனக்கு மனசு கேக்கல. 'ஒன்பது'ன்னு மாத்தி எழுதலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன். பெயின்டர் வேற காலையிலேருந்து ஏணியோட வெளிய நிக்கறாரு. பலகை சரியாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிடட்டுமா?"